நீர் ஏறட்டும், பிறகு நாம் ஏறலாம்



தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் காத்திருப்பது புதிதல்ல. விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால், பெரட்டுக் களத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் நின்றிருக்கிறோம்! பட்டை காயுமுன் கத்தி வைத்தால் பால் கோட்டில் நிற்காமல் வழிந்து வீணாகும். இந்தப் பாடம் கடலுக்கும் பொருந்தும் என்பதை நான் மெர்சிங்கில்தான் கற்றுக்கொண்டேன்.

1984 ஆகஸ்டு பள்ளி விடுமுறை. சீட்டு எடுத்த பணத்தில் பிள்ளைகளுக்குத் தியோமான் தீவைக் காட்டிவிடலாம் என்று குடும்பத்தோடு புறப்பட்டோம். காலை எட்டு மணிக்கே படகுத்துறையில் நின்றோம். படகுக்காரரோ, "இப்போது ஆயர் சூருட். தண்ணீர் ஏற வேண்டும். பன்னிரண்டுக்கு மேல்தான்" என்று சொல்லிவிட்டுக் கோப்பிக் கடையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

என் மைத்துனருக்குக் கோபம் வந்துவிட்டது. அவருக்கு இரண்டு நாள்தான் லீவு. "வானம் தெளிவா இருக்கு, காத்தும் இல்ல. என்னத்துக்கு இந்த ஆளு உக்காந்திருக்காரு?" என்று பொருமினார். அந்த நேரம் பார்த்துச் சின்னப் படகுக்காரர் ஒருவர், ஆளுக்கு இரண்டு வெள்ளி கூடக் கொடுத்தால் உடனே கூட்டிப்போவதாகச் சொன்னார். மைத்துனர் பையைத் தூக்கிவிட்டார்.

முப்பது வருஷம் மரம் வெட்டிய என் மாமனார் மட்டும் பெஞ்சை விட்டு எழவில்லை. மகனைப் பார்த்து, "ஏம்பா, ஈர மரத்துல கத்தி வைப்பியா?" என்றார்.

பை கீழே இறங்கியது. வேறு சிலர் அந்தப் படகில் ஏறிப் போனார்கள்.

மதியம் எங்கள் படகு புறப்பட்டது. ஆற்று வாயை நெருங்கியபோது, அந்தச் சின்னப் படகு மணலில் தட்டிச் சாய்ந்து கிடந்ததைக் கண்டோம். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அத்தனை பேரும் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். ஏறிய நீர் அப்போதுதான் அதைத் தூக்கிவிட்டது. அவர்களும் நாங்களும் ஒரே நேரத்தில்தான் கடலுக்குள் போனோம். அவர்கள் காத்திருந்தது வெயிலில், அதுவும் கூடக் காசு கொடுத்து!

காரணம் இதுதான். மெர்சிங் படகுத்துறை ஆற்றுக்குள் இருக்கிறது. நீர் வற்றும்போது ஆற்று வாயில் ஆழம் போதாது. இன்றும் தியோமான் படகுகளின் நேரம் நாளுக்கு நாள் மாறுவது இதனால்தான். நிலவின் இழுப்பால் கடல் ஏறி இறங்குகிறது. நிலவு பிந்தி எழுவதைப் போலவே, நீர் ஏறும் நேரமும் பொதுவாக நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏறுவதும் வற்றுவதும் அதிகம். அந்நாட்களில் கிள்ளான் துறைமுகப் பக்கம் வித்தியாசம் ஏறக்குறைய 4 மீட்டர் வரும். இரண்டு ஆள் உயரம்!

காற்றுக்கும் காலம் உண்டு. கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. அப்போது அலை பெரிதாகிப் பல படகுகள் ஓடா. மேற்குக் கரையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன், 'சுமத்ரா' என்னும் புயல்மழை அடிக்கும். பெரும்பாலும் ஓரிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். 1511-க்கு முன்பே மலாக்காவுக்கு வந்த நம் தமிழ் வணிகர்கள்கூடத் தென்மேற்குக் காற்றில் வந்து, வடகிழக்குக் காற்றுக்காகக் காத்திருந்துதான் ஊர் திரும்பினார்கள்.

ஆகவே, தீவுக்குப் போகும் குடும்பங்களே, முதல் நாளே நீர் ஏறும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாள் லீவும் கொஞ்சம் கைக்காசும் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டை போடாமல் படகில் ஏற்றாதீர்கள். "போகலாம், போகலாம்" என்று படகுக்காரரை நெருக்காதீர்கள்.

மாமனார் இன்று இல்லை. மைத்துனருக்கும் தலை நரைத்துவிட்டது. பேரப்பிள்ளைகள் அவசரப்பட்டால் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "ஈர மரமா, காஞ்ச மரமா?"