திருத்தம் வேறு, வெளுப்பு வேறு

அம்மாவின் முதலாமாண்டு திதிக்காக அவருடைய பழைய படம் ஒன்றைப் பெரிதாக அச்சிடக் கொடுத்திருந்தேன். வாங்கி வரப் போனபோது அக்காவும் உடன் வந்தார். படத்தைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “இது யாருடா?”

அம்மா முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நல்ல கறுப்பு. சட்டத்துக்குள் இருந்தவரோ மாநிறத்தையும் தாண்டி வெளுத்திருந்தார். கடைத் தம்பியிடம் கேட்டேன். “கலர் கரெக்‌ஷன் செஞ்சிருக்கேன் அண்ணே, ஒரிஜினல் ரொம்ப டார்க்கா இருந்துச்சு” என்றார். அவர் நல்லெண்ணத்தோடுதான் செய்திருக்கிறார். ஆனால் தவறாக இருப்பதைச் சரிசெய்வதற்குத்தானே திருத்தம் என்று பெயர்? அம்மாவின் நிறத்தில் என்ன தவறு?

நிறத் திருத்தமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் அச்சுத் தொழிலே நடக்காது. கணினித் திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளைக் கூட்டி நிறங்களைக் காட்டுகிறது. தாளில் நடப்பது கழித்தல். சயான் மை சிவப்பு ஒளியையும், மெஜந்தா பச்சையையும், மஞ்சள் நீலத்தையும் விழுங்கிக்கொள்கின்றன. மிஞ்சித் திரும்பும் ஒளியே நம் கண்ணுக்கு நிறமாகத் தெரிகிறது. நிழல் பகுதிகளுக்கு வலுவூட்டக் கறுப்பு மை துணைக்கு வருகிறது. திரை காட்டும் பளிச்சென்ற பல நிறங்களை மையால் எட்டவே முடியாது. ஆகவே மொழிபெயர்ப்பு தேவைப்படுகிறது. ஒவ்வொரு திரையும் அச்சுப்பொறியும் நிறத்தை எப்படிக் காட்டுகின்றன என்பதைப் பதிவுசெய்யும் ‘ஐசிசி புரொஃபைல்’ அந்த வேலையைச் செய்கிறது. இதற்கான பொது விதிகளை வகுக்கும் அனைத்துலக நிற மன்றம் 1993இல் தொடங்கப்பட்டது.

இன்னொரு சிக்கலுக்கு இந்த நாளிதழே சாட்சி. செய்தித்தாள் மையை உறிஞ்சும், புள்ளிகள் பருத்துவிடும். இதைப் ‘புள்ளி விரிவு’ என்கிறார்கள். செய்தித்தாள் அச்சுக்கான ஐஎஸ்ஓ தரத்தின்படி, 50 விழுக்காட்டுப் புள்ளி தாளில் ஏறக்குறைய 76 விழுக்காடாகத் தெரியும். அப்படியே அச்சிட்டால் நினைவாஞ்சலிப் பக்கத்து முகங்கள் எல்லாம் இருண்டு போகும். அதனால் படத்தின் நடுத்தர அடர்த்திகளை முன்கூட்டியே குறைக்கிறார்கள். கணினியில் பார்த்தால் இதுவும் வெளுப்பாகவே தோன்றும். ஆனால் தாள் கூட்டப்போவதைத்தான் கணினியில் கழிக்கிறார்கள். தாளில் வரும் முகம் மூலப்படத்தை ஒத்திருக்கும்.

எல்லைக்கோடு இங்கேதான் இருக்கிறது. அச்சான படம் மூலத்தை நெருங்குகிறதா, விலகுகிறதா? நெருங்கினால் அது திருத்தம். விலகினால், எவ்வளவு அழகாக இருந்தாலும், அது மாற்றம்.

கறுத்த தோல் ஏன் அடிக்கடி மாற்றத்துக்கு ஆளாகிறது? முதலில், தாளில் காட்டக்கூடிய கருமைக்கு ஓர் அளவு உண்டு. நிழல்களுக்கிடையே உள்ள நுட்பமான வேறுபாடுகள் மையில் எளிதாக ஒட்டிப்போகும். அவற்றைப் பிரித்துக் காட்டப் பொறுமை வேண்டும். முகம் முழுவதையும் வெளிச்சமாக்க ஒரு சொடுக்கு போதும். அடுத்து, தானியங்கித் திருத்தம். படத்தின் சராசரி ஒளி குறைவாக இருந்தால், வெளிச்சம் போதாமல் எடுத்த படம் என்று கணித்துப் பல மென்பொருள்கள் ஒளியைக் கூட்டிவிடும். அது இருட்டா, தோலின் இயல்பான நிறமா என்று அவற்றுக்குத் தெரியாது.

இதற்குப் பழைய வரலாறும் உண்டு. சென்ற நூற்றாண்டில் கோடாக் நிறுவனம் படக்கூடங்களுக்கு ‘ஷெர்லி’ என்ற மாதிரி அட்டையை அனுப்பியது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவருடைய தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி என்று பொருள். பிற்காலத்தில் ஃபிலிம் பழுப்பு நிறங்களை ஓரளவு நன்றாகக் காட்டத் தொடங்கியதற்கு ஒரு காரணம், சாக்லேட், மரத்தளவாட நிறுவனங்களின் புகார்கள் என்று கனடிய ஆய்வாளர் லோர்னா ரோத் பதிவுசெய்திருக்கிறார். சாக்லேட்டுக்குக் கிடைத்த கவனம் கறுத்த மனிதர்களுக்கு முதலில் கிடைக்கவில்லை.

“வாடிக்கையாளர்களே வெள்ளையாக்கச் சொல்கிறார்கள்” என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. கல்யாண ஆல்பங்களைப் புரட்டினாலே தெரியும். தன் படத்தை எப்படி மாற்றுவது என்பது அவரவர் விருப்பம். ஆனால் கேட்காதவருக்கும் வெளுப்பதே வழக்கம் என்றாகிவிடக் கூடாது. இறந்தவர் வந்து மறுப்புச் சொல்லவும் முடியாது.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பாதீர்கள். அது கோப்பைச் சுருக்கிவிடும். மூலக் கோப்பையே கொடுங்கள். “தானியங்கித் திருத்தம் வேண்டாம், தோலின் நிறத்தை மாற்ற வேண்டாம்” என்று ஆர்டர் தாளில் எழுதச் சொல்லுங்கள். கைப்பேசித் திரையில் பார்த்து ஒப்புதல் தராதீர்கள். இறுதிப் படத்துக்குப் பயன்படுத்தும் அதே தாளில் சிறிய மாதிரி ஒன்றைக் கேளுங்கள். அதைக் கடை விளக்கின் கீழ் மட்டும் பார்க்காமல் வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்திலும் பாருங்கள். ஒரு விளக்கில் ஒத்துப்போகும் இரு நிறங்கள் இன்னொன்றில் வேறுபடலாம். அதனால்தான் அச்சுத்துறையில் 5000 கெல்வின் ஒளியைப் பொதுவான அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்.

கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “நிறம் இருக்கிறபடியே வேண்டுமா?” அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

அம்மாவின் படத்தை அதே கடையில் மறுபடி அச்சிட்டோம். அந்தத் தம்பி கண்ணைச் சுற்றியிருந்த நிழலை மட்டும் சற்றே திறந்துவிட்டு, மற்றதை அப்படியே விட்டார். கூடுதலாகச் சில வெள்ளி செலவானது. இப்போது சாமி அறையில் இருப்பவர் யார் என்று அக்கா கேட்பதில்லை.