நானூறு வாட் என்னும் மெய்க்கீர்த்தி

நம்மிடம் பகுதி ஒன்று தமிழ் பயின்று, பின்னர் வணிகக் கப்பல்களில் மின்பொறி அலுவலராகப் பணியாற்றிய மாணவர் ஒருவர் சென்ற திங்கள் நமக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருந்தார். வேலையை விட்டுவிட்டு, மனைவியுடன் பதினொரு மீட்டர் நீளமுள்ள பழைய பாய்மரப் படகொன்றில் இப்போது வாழ்ந்து வருகிறார். படகு கேனரித் தீவுகளின் லாஸ் பால்மாஸ் துறைமுகத்தில் நிற்கிறது. அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் நவம்பரோடு முடியும். அதன்பின் கரீபியக் கடலின் செயின்ட் லூசியா நோக்கிப் புறப்பட எண்ணம். ஏறத்தாழ 2,700 கடல்மைல். மூன்று வாரப் பயணம்.

அவர் மனைவிக்கு நீரிழிவு. நாள்தோறும் இன்சுலின் வேண்டும். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைத்திருக்க வேண்டும். ஆகவே, அந்தப் படகின் சிறிய குளிர்பெட்டி பழச்சாற்றுக்காக ஓடுவதன்று. அது நிற்கக்கூடாது; அது நிற்காதிருக்க மின்கலம் வறளக்கூடாது. படகின் பின்புறமாகிய அமரத்தில் கம்பம் நட்டு, ஒரு சிறு காற்றாலை பொருத்த விரும்புகிறார். எதை வாங்குவது என்பதே கேள்வி.

தமிழாசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வியா இது? அவரே காரணமும் எழுதியிருந்தார். "கணக்கு எனக்குத் தெரியும் ஐயா. விற்பவர்கள் சொல்வதில் எதை நம்புவது என்பதுதான் தெரியவில்லை. ஒரு பாட்டைக் கையில் எடுத்தால் யார் கூற்று, யாரிடம் கூறியது, எந்தத் துறை என்று முதலில் கேட்கச் சொல்லித் தந்தவர் நீங்கள். இந்த விளம்பர ஏடுகளையும் அப்படிப் படித்துச் சொல்லுங்கள்." இவ்வளவு எழுதி, ஆறு நிறுவனங்களின் ஏடுகளையும் இணைத்திருந்தார். மாணவர் இப்படிக் கேட்ட பிறகு ஆசிரியர் தட்டிக்கழிக்க இயலாது. இரண்டு வாரம் அமர்ந்து படித்தோம். நமக்குத் தோன்றியதை இங்கே பதிவு செய்கிறோம்.

முதலில் திணை. இந்த ஏடுகள் அனைத்தும் பாடாண் திணையைச் சேர்ந்தவை. அரசனின் வெற்றிகளை மட்டும் அடுக்கும் மெய்க்கீர்த்தியில் அவன் தோற்ற போர் இடம்பெறாது. அதுபோலவே, ஏட்டின் முகப்பில் '400 வாட்' என்று பெரிய எழுத்தில் நிற்கும் எண், அந்தக் காற்றாலை தன் வாழ்நாளில் மிகச்சில மணிநேரமே காணப்போகும் கடுங்காற்றில் தரும் உச்ச அளவு. அது பொய்யன்று. ஆனால் அதை நம்பி மருந்தை வைத்திருக்க முடியாது.

ஏன் முடியாது என்பதற்கு இயற்பியல் தெளிவான விடை தருகிறது. காற்றிலுள்ள ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப மாறும். காற்று இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்கு. பாதியானால் எட்டில் ஒரு பங்கு. அந்த ஆற்றலிலும் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எந்தச் சுழலியாலும் எடுக்க இயலாது என்பதை ஜெர்மானிய அறிஞர் ஆல்பர்ட் பெட்ஸ் 1920ஆம் ஆண்டில் நிறுவினார். படகுகளில் பொருத்தும் சிறு காற்றாலைகள் முப்பது விழுக்காடு எடுத்தாலே நன்று என்று கொள்ளலாம்.

1.2 மீட்டர் விட்டமுள்ள சுழலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 15 நாட் காற்றில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல், அதாவது 1.852 கிலோமீட்டர்) அது தரக்கூடியது ஏறத்தாழ 95 வாட். பன்னிரண்டு வோல்ட் மின்கலத்துக்குள் எட்டு ஆம்பியர் அளவு போகும். 10 நாட் காற்றில் 28 வாட், இரண்டேகால் ஆம்பியர். முகப்பில் நானூறு என்று முழங்கியது இங்கே இருபத்தெட்டாகச் சுருங்கிவிடுகிறது. ஏட்டின் கடைசிப் பக்கத்தில், ஒரு சிறு வளைகோட்டில் இந்த உண்மை இருக்கத்தான் செய்கிறது. படிப்பவர் முகப்போடு நின்றுவிடுகிறார். விற்பவர் எதிர்பார்ப்பதும் அதுவே.

சொற்களிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. '6 நாட் காற்றிலேயே சுழலத் தொடங்கும்' என்கிறது ஓர் ஏடு. சுழல்வது வேறு, மின்னேற்றுவது வேறு. சுழலியின் மின்னழுத்தம் மின்கலத்தின் மின்னழுத்தத்தைக் கடந்தால்தான் உள்ளே ஏதேனும் போகும். அதுவரை அது வேடிக்கைப் பொருளே. 'தொடங்கும்' என்ற வினைக்கு எழுவாய் எது என்று கேட்காமல் பணம் கொடுப்பது தவறு.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே சென்றுவரும் நமக்குக் காற்றாலை என்றால் நிலத்தில் வேரூன்றி நிற்பது. வீசும் காற்று முழுவதும் அதற்கே. படகில் அப்படியன்று. படகும் ஓடுகிறது, ஆகவே படகு உணரும் காற்று வேறு. கேனரித் தீவுகளிலிருந்து கரீபியன் செல்லும் பாதையில் வடகிழக்கு வணிகக் காற்று பின்னாலிருந்து வீசும். பாய்க்கு அது வரம். 15 நாட் காற்று முதுகில் வீச, படகு 6 நாட் வேகத்தில் ஓடினால், அமரத்தில் நிற்கும் காற்றாலை உணர்வது 9 நாட் மட்டுமே. மும்மடிக் கணக்கின்படி ஆற்றல் ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. ஏறத்தாழ 21 வாட். ஒரு நாள் முழுதும் சுழன்றாலும் 40 ஆம்பியர்-மணி தேறும்.

செலவைப் பாருங்கள். வெப்பக்கடலில் குளிர்பெட்டிக்கு நாளொன்றுக்கு 50 ஆம்பியர்-மணி. இரவும் பகலும் சுக்கான் பிடிக்கும் ஆட்டோபைலட்டுக்கு 70 அல்லது 80. விளக்கு, வானொலி, வழிகாட்டும் கருவிகளுக்கு 20 அல்லது 30. மொத்தம் 150 என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது, மின்சாரம் மிகுதியாகத் தேவைப்படும் அந்த மூன்று வாரத்தில்தான் காற்றாலை மிகக் குறைவாகத் தருகிறது. கடலைக் கடந்து கரீபியத் தீவொன்றின் அருகே நங்கூரமிட்ட பிறகு நிலைமை தலைகீழ். படகு நிற்கிறது, வணிகக் காற்று இரவிலும் ஓய்வதில்லை, 15 நாட் நின்று வீசினால் நாளொன்றுக்கு 180 ஆம்பியர்-மணிகூடக் கிடைக்கலாம். காற்றாலை நங்கூரத்தின் தோழன். பயணத்தின் தோழன் அன்று. இதை எந்த ஏடும் சொல்லவில்லை.

இங்கே ஒரு பழைய கப்பலின் கதையை நினைவுகூர்வது பொருந்தும். நார்வே நாட்டு நான்சென், வடதுருவப் பனிக்கட்டியில் வேண்டுமென்றே சிக்கி அதனோடு மிதந்து செல்வதற்காகக் கோலின் ஆர்ச்சரிடம் கட்டுவித்த கப்பல் 'ஃபிராம்'. 1893ஆம் ஆண்டு புறப்பட்ட அக்கப்பலின் மேல்தளத்தில் ஒரு காற்றாலை நிறுத்தி, அதனால் டைனமோவை ஓட்டி மின்விளக்கு எரித்தார்கள். மாதக்கணக்கில் கதிரவன் எழாத துருவ இரவில், வீசும் காற்றே ஒளியாயிற்று. பதின்மூன்று பேரும் அந்த வெளிச்சத்தைக் கொண்டாடினார்கள். ஆனால் 1895ஆம் ஆண்டிலேயே பற்சக்கரங்கள் தேய்ந்துபோய் அதைக் கழற்ற நேர்ந்தது. கப்பல் பனியிலிருந்து விடுபட்டது 1896 ஆகஸ்டில்தான்.

இடைப்பட்ட காலத்தை எண்ணெய் விளக்குகளோடு கழித்தார்கள். பதின்மூன்று பேரும் உயிரோடு ஊர் திரும்பினார்கள். காற்றாலை தேய்ந்தது தோல்வியன்று என்பது நம் கருத்து. எந்தச் சக்கரமும் தேயும். தேய்ந்த நாளில் கையில் எண்ணெய் விளக்கு இருந்ததே, அதுதான் நம்பகம். நம்பகத்தைப் பொருளின் குணமாக மட்டும் நாம் பார்க்கிறோம். அது ஏற்பாட்டின் குணமும் ஆகும்.

அப்படியானால் எந்த இயந்திரமும் ஒன்றுதானா என்றால், அல்ல. தெரிவு செய்யும்போது பார்க்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, நிறுத்தும் திறன். வெண்ணிக்குயத்தியார் கரிகாலனைப் பாடுகையில், அவன் முன்னோன் காற்றை ஏவல்கொண்டு கலம் செலுத்திய பெருமையைச் சொல்கிறார். ஏவல் கொள்வது என்பது 'வா' என்பதோடு 'நில்' என்றும் சொல்லத் தெரிந்திருப்பது. மின்கலம் நிறைந்துவிட்டால் சூரியத் தகட்டின் இணைப்பைத் துண்டித்துவிடலாம். அது சும்மா இருக்கும். காற்றாலையைத் துண்டித்தால் சுமையற்று வெறிகொண்டு சுழலும். இறகு முறியலாம், தாங்கி எரியலாம். மிகுதி மின்சாரத்தை வெப்பமாக்கிக் கழிக்கும் மின்தடையும், கம்பிகளைக் குறுக்கே இணைத்துச் சுழலியை அடக்கும் நிறுத்து விசையும் தக்க அளவில் இருக்க வேண்டும். புயலில் தன்னைத்தானே அடக்கிக்கொள்வதில் இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபாடு உண்டு. சில, மின்னணுக் கட்டுப்பாட்டால் இறகுகளைத் தடுமாறச் செய்து வேகம் குறைப்பவை. ஜெர்மனியின் சூப்பர்விண்ட் போன்றவை, சுழற்சியின் விசையாலேயே இறகுகளைத் திருப்பிக் காற்றை நழுவவிடுபவை. மின்னணுச் சில்லு உப்புக்காற்றில் பழுதானால் முதல் வகை தடுமாறும். இரண்டாம் வகையின் விலை மிகுதி. ஆயினும் நள்ளிரவில் 40 நாட் காற்றில் எவரும் அமரத்துக்குப் போய்ச் சுழலும் இறகருகே நிற்க வேண்டியதில்லை என்பதற்காக அந்த விலை தகும் என்போம்.

இரண்டாவது, தயாரிப்பாளரின் ஆயுள். அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விண்ட்பவர் நிறுவனத்தின் 'ஏர்' வரிசைக் காற்றாலைகள் உலகெங்கும் ஏராளமான படகுகளில் நின்றவை. அந்நிறுவனம் 2013ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அந்த வரிசையை வேறொரு நிறுவனம் எடுத்துக்கொண்டதால் வாங்கியவர்கள் தப்பினார்கள். எல்லார்க்கும் அந்த நல்வாய்ப்பு அமையாது. ஆகவே, தாங்கிகள் எந்தத் துறைமுகத்துக் கடையிலும் கிடைக்கும் பொது அளவினவா, கழற்றிப் பூட்டத் தனிக் கருவி வேண்டுமா என்று கேட்க வேண்டும். ஐந்து ஆண்டு உத்தரவாதம் என்பது இயந்திரத்தைச் சரக்கேற்றித் திருப்பி அனுப்ப வழியுள்ளவர்க்கே பயன்படும். நடுக்கடலில் உத்தரவாதம் என்பது உதிரிப் பெட்டியும் அதைப் பூட்டத் தெரிந்த கையும்தான்.

மூன்றாவது, ஓசை. இதைச் சிறு குறை என்று தள்ளுவோர் உளர், நாம் உடன்படவில்லை. சுழலியின் அதிர்வு கம்பம் வழியே இறங்கிப் படகின் உடலையே மத்தளமாக்கும். மாறி மாறிக் காவல் இருக்கும் இருவரில் ஒருவர் உறங்க முடியாமற்போனால், அங்கே பழுதாவது மனிதர். வேகமாகச் சுழலும் மூன்று இறகினும், மெல்லச் சுழலும் ஐந்து அல்லது ஆறு இறகு பெரும்பாலும் அமைதியானது. ஓசை பொறுக்காமல் நிறுத்திவைக்கப்படும் காற்றாலை தரும் மின்சாரம் சுழியம்.

இத்தனைக்கும் பிறகு ஒரு நேர்மையான மறுப்பு உண்டு: சூரியத் தகடுகள் இவ்வளவு மலிந்துவிட்ட காலத்தில் காற்றாலை எதற்கு? 400 வாட் தகடுகள், பாயின் நிழல் போக, வெப்பமண்டலத்தில் நாளொன்றுக்கு 130 ஆம்பியர்-மணி தரக்கூடும். ஓசையில்லை, தேயும் பாகமில்லை. இம்மறுப்பில் பெருமளவு உண்மை இருக்கிறது. அட்லாண்டிக்கின் வணிகக் காற்றுப் பாதையில் முதலிடம் கதிரவனுக்கே என்று நாமும் கருதுகிறோம். ஸ்காட்லாந்தின் குளிர்காலத்தில் படகு செலுத்துவோர்க்கு இந்த வரிசை மாறும். அங்கே கதிரவன் விருந்தாளி, காற்று வீட்டுக்காரர். ஆனால் நம் மாணவர் போகும் பாதையிலும் கதிரவனுக்கு இரவு உண்டு. நாள்கணக்கில் மேகமூட்டம் உண்டு. அந்த இடைவெளியை நிரப்பும் துணையாகக் காற்றாலைக்கு இடம் உண்டு. ஓடும் படகின் வேகத்திலிருந்தே மின்சாரம் எடுக்கும் நீர்ச்சுழலிகளும் உள்ளன. முதுகுக்காற்றில் காற்றாலை சோர்ந்திருக்கும் அதே நேரத்தில் அவை சுறுசுறுப்பாக உழைக்கும்.

நம் மாணவருக்கு எழுதிய விடையின் சுருக்கம் இது:

"தம்பி, நீர் கேட்ட பெயரை முதலில் சொல்லவில்லை, வரிசையைச் சொல்கிறேன். முதலில் தகடு, அடுத்து, பணமிருந்தால் நீர்ச்சுழலி, மூன்றாவதாகவே காற்றாலை. வாங்கும் காற்றாலை சிறியதாக, ஓசை குறைந்ததாக, தன்னைத்தான் அடக்கத் தெரிந்ததாக இருக்கட்டும். உச்சத்தில் எத்தனை வாட் என்று கேட்காதீர். 10 நாட் காற்றில் ஒரு நாளைக்கு எத்தனை ஆம்பியர்-மணி என்று மட்டும் கேளும். விடை சொல்லத் தயங்கும் கடையை விட்டு எழுந்து வாரும். லாஸ் பால்மாஸில் நிற்கும்போதே தாங்கியை ஒருமுறை நீரே கழற்றிப் பூட்டிப் பாரும். எல்லாம் போனாலும் குளிர்பெட்டி ஒன்று மட்டும் ஓடப் படகின் டீசல் எஞ்சினில் மின்னேற்ற வழியும், அதற்கென்று தொடாமல் வைத்த எரிபொருளும் இருக்க வேண்டும். குளிர்பெட்டியே நின்றால் மருந்து எத்தனை நாள் தாங்கும் என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளும். அதுவே உமது எண்ணெய் விளக்கு."

ஒருவேளை இவ்வளவு ஐயம் தேவையில்லை என்று வாசகர் சிலர் கருதலாம். அலைமேல் வாழ்ந்து அறிந்தவர்கள் மறுத்து எழுதினால் நன்றியோடு கற்றுக்கொள்வோம். நாம் கரையில் நின்று படித்தவர்கள்தாம். ஆனால் முகப்பு எண்ணை மெய்க்கீர்த்தி என்று அறிந்து படிப்பதற்குக் கடலில் வாழ்ந்திருக்க வேண்டியதில்லை. நவம்பர் இறுதியில் அவர்கள் புறப்படுகிறார்கள். டிசம்பர் மூன்றாம் வாரம் வரை நாம் நாள்தோறும் அட்லாண்டிக்கின் காற்றுப்படத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம்.