ராக்கிகடியோடு நின்றுவிடும் பாடம்

கோவையில் 2010 ஜூனில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டில் கலைஞர் பெயரிலான செம்மொழி விருதைப் பெற்றவர் பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்ப்போலா. சிந்துவெளி எழுத்துக்குப் பின்னால் இருப்பது திராவிட மொழிதான் என்று வாதிட்டவர். கொங்கு வட்டாரத்தில் அவர் பெயர் அந்தக் கருத்துக்காகவே நினைவில் நிற்கிறது. சமஸ்கிருதத்துக்கும் பாரசீகத்துக்கும் மூலமான இந்தோ-ஈரானிய மொழியைப் பேசியவர்கள் முதலில் எங்கே வாழ்ந்தார்கள் என்பதிலும் அவர் பல ஆண்டுகள் உழைத்தவர். இந்த மறுபாதியை இங்கே யாரும் பெரிதாகப் பேசவில்லை.

அதற்கான சான்றுகளில் சில அவருடைய தாய்மொழியிலேயே கிடக்கின்றன. பின்னிஷ் மொழியில் நூறுக்கு ‘சத’. சுத்தியலுக்கு ‘வசர’, அதாவது இந்திரனின் வஜ்ரம். இவை இந்தோ-ஈரானியத்திலிருந்து பின்னிஷ் கடன் வாங்கிய சொற்கள். ஆனால் பின்னிஷ் இனமொழிகள் இந்தியப் பக்கம் வந்ததே இல்லை. ஆகவே இந்தோ-ஈரானியம் பேசியவர்கள் ஒரு காலத்தில் வோல்கா, யூரல் பகுதியில் அந்த மொழிகளைப் பேசியவர்களுக்கு அண்டை வீட்டாராக இருந்திருக்க வேண்டும். யூரல் மலைக்குத் தென்கிழக்கே சிந்தாஷ்டாவில், ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முந்தைய கல்லறைகளில் ஆரக்கால் சக்கரத் தேர்களும் குதிரைகளும் கிடைத்திருப்பது இதற்குப் பொருந்துகிறது.

இன்னொரு சான்று தமிழருக்கு நெருக்கமானது. ரிக் வேதத்தில் திராவிடச் சொற்கள் சில கலந்திருப்பதை பரோ, எமனோ போன்ற மொழியியலாளர்கள் காட்டினார்கள். எமனோ 1930களில், கோவை மாவட்டத்து அன்னூருக்கு வடமேற்கே நீலகிரியில் தங்கி, தோடர், கோத்தர் மொழிகளைப் பதிவு செய்தவர். சமஸ்கிருதம் சேர்ந்த இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பம் இந்தியாவில் பிறந்து மேற்கே பரவியிருந்தால், அந்தத் திராவிடக் கலப்பின் தடம் ஐரோப்பிய மொழிகளிலும் தெரிய வேண்டும். தெரியவில்லை.

2019 செப்டம்பரில் மரபணு ஆய்வுகள் இரண்டு அடுத்தடுத்து வெளிவந்தன. ஒன்று, ஹரியானாவின் ராக்கிகடியில் புதைக்கப்பட்ட சிந்துவெளிக் காலப் பெண் ஒருவரைப் பற்றியது. வோல்கா, யூரல் பக்கத்துப் புல்வெளி மக்களின் மரபுக்கூறு அவரிடம் இல்லை. மற்றது, பழங்கால மனிதர் 523 பேரை ஆராய்ந்து, அந்தக் கூறு கி.மு. 2000க்கும் 1500க்கும் இடையே தெற்காசியாவுக்குள் வந்ததைக் காட்டியது. இரண்டிலும் பொதுவான ஆய்வாளர்கள் உண்டு. ஒன்றில்லாமல் மற்றது விளங்காது. ஆனால் 2024இல் திருத்தப்பட்ட என்.சி.இ.ஆர்.டி. 12ஆம் வகுப்பு வரலாற்று நூல், ராக்கிகடியைப் பிடித்துக்கொண்டு 5,000 ஆண்டு அறுபடாத தொடர்ச்சியைப் பேசுகிறது. பாதிச் சான்றைக் கொடுத்து முழு முடிவை மாணவரிடம் திணிப்பது தவறு.

மாற்றுக் கருத்து இல்லாமல் இல்லை. 2023இல் மொழியியலாளர் பால் ஹெகார்ட்டி குழுவினர், இந்தோ-ஐரோப்பியத்தின் வேர் காகசஸுக்குத் தெற்கே இருந்தது என்றும், இந்தோ-ஈரானியக் கிளை புல்வெளி வழியே வந்திருக்க வேண்டியதில்லை என்றும் எழுதினார்கள். அவர்களும் தாயகத்தை இந்தியாவில் வைக்கவில்லை.

தமிழ்நாட்டுப் பக்கமும் கணக்கு நேராக இல்லை. எலும்பு மொழி பேசாது. ராக்கிகடிப் பெண் தமிழ் பேசினார் என்று மேடையில் முழங்குவதற்கு அந்த ஆய்வில் இடமே கிடையாது. வந்தவர், இருந்தவர் என்று இன்றைய மக்களைப் பிரிக்கவும் அது உதவாது. கடந்த 4,000 ஆண்டுகளில் நடந்த கலப்பு, இன்றைய இந்தியரில் ஏறக்குறைய எல்லாச் சமூகங்களிலும் பதிந்திருக்கிறது. அன்னூர் வட்டாரத்து நூற்பாலைகளில் பீகார், ஒடிசாக்காரர்கள் வேலை செய்கிறார்கள். தமிழும் கன்னடமும் தெலுங்கும் புழங்கிய சந்தையில் இப்போது போஜ்புரியும் ஒடியாவும் கேட்கின்றன. பிழைக்க வந்த அந்தத் தொழிலாளியை ‘ஆரியன்’ என்று ஏசுவதற்கு சிந்தாஷ்டாவின் தேர்களை இழுத்து வருவது அநியாயம்.

தமிழக அரசின் பாடநூல் குழு இதில் ஒரு நல்ல காரியம் செய்யலாம். 2019இன் இரண்டு ஆய்வுகளையும், ஹெகார்ட்டியின் மறுப்பையும், பரோ, எமனோ திரட்டிய சொல் சான்றுகளையும் எளிய தமிழில் ஒரே பாடமாக, மேல்நிலை வரலாற்று நூலில் சேர்க்கட்டும். அன்னூர் அரசுப் பள்ளி மாணவர்கள் சான்றுகளை நேரே படித்து, வகுப்பில் வாதாடட்டும்.