முதல்ல லைட்டைப் போட்டுப் பாருங்க

போன புரட்டாசியில ஒரு ராத்திரி முழுக்க நல்ல மழை. கரிசல் காட்டுல மழை பெஞ்ச உடனே இறங்க முடியாது, கால் ஒட்டும். ரொம்பக் காயவிட்டா விதை முளைக்காது. நடுவுல கிடைக்கிற ரெண்டு மூணு நாள் பதம்தான் எங்களை மாதிரி மானாவாரிக்காரங்களுக்கு வருஷத்துச் சோறு. அந்தப் பதம் வந்த காலையில உளுந்து விதையை ஏத்தி வச்சுட்டுச் சாவியைத் திருப்பறேன். 'டக்'. அவ்வளவுதான் சத்தம்.

டிராக்டர் 1994-ல எங்க அய்யா வாங்கினது. டவுன்ல இருந்து வந்த மெக்கானிக் ஒரு ஒயரைக்கூடத் தொட்டுப் பார்க்கலை. "பேட்டரி போச்சுண்ணே." புதுசு வாங்கினேன். ஏழாயிரத்துக்குக் கிட்ட ஆச்சு. மாட்டினா மறுபடியும் 'டக்'. "அப்ப செல்ஃப் மோட்டார்தான்." கழட்டிக் கொண்டுபோய், ரெண்டு நாள் கழிச்சு வேலை பார்த்துக் கொண்டாந்து மாட்டினார். அப்பவும் 'டக்'.

அன்னிக்குச் சாயங்காலம், முப்பது வருஷம் லாரி ஓட்டின மாமா ஒருத்தர் எட்டிப் பார்த்தார். "லைட்டைப் போட்டுட்டுச் சாவியைத் திருப்பு மாப்ள" என்றார். திருப்பினேன். லைட் அணையற மாதிரி மங்கிப்போச்சு. "பேட்டரி புதுசு. அப்படியும் லைட் மங்குதுன்னா கரண்டு வர்ற வழியில எங்கயோ அடைச்சிருக்கு." ஒயரைப் பிடிச்சுக்கிட்டே போனார். எர்த் ஒயர் பாடியில சேர்ற போல்டுக்கு அடியில ஒரே துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு இறுக்கினோம். ஒரே சுத்துல வண்டி எடுத்துருச்சு.

ஆனா பதம் போயிருந்தது. அதுக்கப்புறம் விதைச்ச மூணு ஏக்கர்ல பாதிதான் முளைச்சது.

சென்னையில இருக்கிற தம்பிக்குச் சொன்னேன். "பழைய வண்டிண்ணே, வித்துடு" என்கிறான். அதுதான் எனக்கு ஒப்பலை. பழசுங்கிறது காரணமே இல்லை. பழைய வண்டி தனக்கு என்ன நோவுன்னு சத்தத்துலயும் புகையிலயும் சொல்லிடும். நாமதான் கேக்குறதில்லை.

சாவியைத் திருப்பினா சத்தமே வரலையா? பேட்டரி டெர்மினல், எர்த் ஒயர், சாவி சுவிட்ச் பாருங்க. கியர் நியூட்ரல்ல இல்லைன்னாலும் பல டிராக்டர்ல செல்ஃப் எடுக்காது. 'டக்'குனு மட்டும் வருதா? லைட்டைப் போட்டுப் பாருங்க. மங்கினா பெரும்பாலும் பேட்டரியோ, அதோட ஒயர்களோதான். மங்காம அப்படியே எரிஞ்சா மோட்டாருக்குக் கரண்டு போகலைன்னு அர்த்தம். சோலனாய்டு பக்கம் பாருங்க. மீட்டர் இருந்தா இன்னும் சுலபம். முழுசா சார்ஜ் ஏறின பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது பத்துக்கு ரொம்பக் கீழ இறங்கக் கூடாது.

வண்டி நல்லாச் சுத்துது, ஆனா பிடிக்கலையா? டீசல் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக் கிடையாது. காத்தை அமுக்கி வர்ற சூட்டுலதான் டீசல் எரியணும். அதனால புகையைப் பாருங்க. புகையே இல்லைன்னா டீசல் போய்ச் சேரலை. ஸ்டாப்பர் இழுத்தபடி இருக்கா, ஃபில்டர் அடைச்சிருக்கா, லைன்ல ஏர் பிடிச்சிருக்கா? வெள்ளையாப் புகை வந்தா டீசல் போகுது, எரியலை. சுத்துற வேகம் பத்தலை, இல்லைன்னா கம்ப்ரஷன் குறைஞ்சிருக்கு.

ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. கீழ நின்னுக்கிட்டு ஸ்க்ரூ டிரைவரை வச்சு செல்ஃப் மோட்டாரை நேரடியா அடிச்சுப் பார்க்கிறது. கியர்ல கிடந்தா, நிக்கிற ஆள் மேலயே வண்டி ஏறிடும்.

அந்த மெக்கானிக் மேல எனக்குக் கோவம் இருந்தது. யோசிச்சுப் பார்த்தா தப்புல பாதி என்னோடது. சீசன்ல அவருக்குப் பத்து ஊர்ல இருந்து போன் வரும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒயர் ஒயராத் தேடி, "துருதான்ணே, தேய்ச்சு விட்டுட்டேன்"னு சொன்னா நான் என்ன கொடுத்திருப்பேன்? டீக்காசு கொடுத்து அனுப்பியிருப்பேன். பேட்டரின்னா ஏழாயிரம் பேசாம எண்ணிக் கொடுக்கிறேன். பார்க்கிறதுக்குக் கூலி இல்லாத இடத்துல மாத்துறது மட்டும்தான் நடக்கும். டவுன்ல உங்க கார், பைக்குக்கும் இதுதானே நடக்குது?

இப்ப நான் ஒரு பழக்கம் வச்சிருக்கேன். வண்டி பார்க்க யார் வந்தாலும், "என்ன கோளாறுன்னு பார்த்துச் சொல்லுங்க, அதுக்குத் தனியா முந்நூறு ரூபா. மாத்துறதை அப்புறம் பேசிக்குவோம்"னு சொல்லிடுறேன். முதல்ல ஒரு மாதிரி பார்த்தாங்க. இப்ப உட்கார்ந்து பார்க்கிறாங்க.

இந்த வருஷம் ஆவணியிலேயே டெர்மினல்ல சுடுதண்ணி ஊத்திக் கழுவி, வாசலின் தடவி வச்சாச்சு. இனி மழைதான் வரணும்.