நோயாளியைப் பாராத உணவியல் ஆசிரியர்

கல்லூரியில் மருத்துவ உணவியல் கற்பிக்க விரும்புபவர் எழுதும் தேசியத் தகுதித் தேர்வின் பாடப்பெயர் ‘மனையியல்’. அதில் ஊட்டச்சத்தும் உணவியலும் உண்டு. கூடவே இழைகள், ஆடை வடிவமைப்பு, வீட்டின் உள்ளமைப்பு, குழந்தை வளர்ச்சி ஆகியனவும் உண்டு. சிறுநீரகம் பழுதுற்ற ஒருவருக்கு அவர் என்றேனும் உணவுத் திட்டம் வகுத்திருக்கிறாரா என்பதை மட்டும் எவரும் கேட்பதில்லை.

மனையியலைக் குறைத்துப் பேசுவதற்கு இதில் இடமில்லை. மருத்துவக் கல்லூரிகள் உணவியலைப் பொருட்படுத்தாத காலத்தில் அதற்கு வீடு கொடுத்தவை மகளிர் கல்லூரிகளே. 1957இல் கோவையில் தோன்றிய அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி இல்லையேல் தென்னாட்டில் இத்துறைக்கு ஆசிரியர்களே கிடைத்திருப்பது ஐயம். ஆனால் ஆய்வு வேறு பாதையில் சென்றது. 1918இல் குன்னூரில் மெக்காரிசன் தொடங்கிய சிறு ஆய்வுப் பிரிவு 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. அதன் இயக்குநராக விளங்கிய, சேலத்தில் பிறந்த சி. கோபாலன் ஒரு மருத்துவர். ஆய்வு மருத்துவர் பக்கமும், கற்பித்தல் மனையியல் பக்கமுமாகப் பிரிந்தன. நோயாளியின் படுக்கை இரண்டுக்கும் நடுவே தனித்துக் கிடந்தது.

அந்தப் பிரிவின் விலை என்னவென்பதைப் பாலசமுத்திரம் போன்ற ஊர்களிலிருந்து பார்க்க வேண்டும். சித்தூர் மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய மண்டலம் அது. பெருநோய்க்குச் சிகிச்சை வேண்டுவோர்க்குத் திருப்பதியும் வேலூரும்தான் போக்கிடம். நீரிழிவோடு சிறுநீரக நோயும் கொண்ட ஒருவர் அங்கே கேட்கும் கேள்விகள் எளியவை. ராகிக் களி உண்ணலாமா, எவ்வளவு? அதையே கூழாகக் கரைத்தால் சர்க்கரை விரைந்து ஏறுமா? மாங்காய்ப் பருவத்தில் என்ன செய்வது? கீரையை வேகவைத்து நீரை இறுத்துவிட்டால் பொட்டாசியம் குறையும் எனப் பாடநூல் கூறும். இறுத்த நீரிலேயே சாறு வைக்கும் வழக்கம் அந்த வீட்டில் உண்டா என்று வினவத் தோன்றுவது, வார்டில் நின்று பழகியவருக்கே. அப்பழக்கம் இல்லாத ஆசிரியரிடம் பயின்ற மாணவி அட்டவணையை ஒப்பிப்பாள். மறுகேள்வி கேட்க மாட்டாள்.

பணியமர்த்தும் விதிகளோ இப்பழக்கத்துக்கு மதிப்பே தருவதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளில், பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கான மதிப்பீட்டில், முனைவர் பட்டத்துக்கு 30 மதிப்பெண். கற்பித்தல் அனுபவத்துக்கோ முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்கோ ஆண்டுக்கு 2 வீதம் 10 வரை. பத்தாண்டுகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்வழி உணவைக் கணக்கிட்டுக் கொடுத்தவர்க்கு அந்தப் பட்டியலில் கட்டமே இல்லை. அவர் கற்பிக்க வந்தால் பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டும். வராமலிருப்பதே அவருக்கு அறிவு!

இதற்கிடையில் 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உணவியலாளரை மருத்துவம் சார்ந்த தொழில்களின் வரிசையில் சேர்த்தது. அதை ஒட்டி 2025இல் மருத்துவ ஊட்டச்சத்து, உணவியல் ஆகியவற்றைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் கற்பிப்பதை மானியக் குழு நிறுத்தியது. நியாயமான முடிவே. நோயாளியைக் காணாமல் உணவியல் பயிலலாகாது என்பதே அதன் உட்பொருளாயின், நோயாளியைக் காணாமல் அதைக் கற்பிக்கலாம் என்பது எவ்வாறு பொருந்தும்? மாணவருக்கு விதித்த நிபந்தனையை ஆசிரியருக்கு விதிக்காமல் விட்டது அரைகுறைச் சீர்திருத்தம்.

மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் காலையில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வகுப்புக்கு வருவதை எவரும் புதுமையாகக் கருதுவதில்லை. உணவியலிலும் கூட்டு நியமனம் இயலும். ஸ்விம்ஸ் மருத்துவமனையும், மனையியல் துறையைக் கொண்ட ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் ஒரே திருப்பதியில் இருக்கின்றன. ஆசிரியர் வாரத்தில் இரண்டு நாள் வார்டிலும், மருத்துவமனை உணவியலாளர் ஒரு நாள் வகுப்பிலும் இருக்கலாம். இருவர்க்கும் அந்த ஆண்டுகள் பணி அனுபவமாகக் கணக்கில் ஏற வேண்டும். புதிய கட்டடமோ புதிய துறையோ இதற்குத் தேவையில்லை. மதிப்பெண் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் போதும்.