மாணவனின் பேனா யாருக்கு?

"படிக்கிற பையனுக்கு அரசியல் எதற்கு?" என்று மில் முதலாளி கேட்கிறார், பண்ணையாரும் கேட்கிறார். அவர்கள் கேட்பதில் ஆச்சரியமில்லை. நம் தோழர்களில் சிலரும் அப்படிக் கேட்கிறார்கள் என்பதுதான் நாம் யோசிக்க வேண்டிய விஷயம். கையில் நோட்டுப் புத்தகத்தோடு ஒரு மாணவன் மில் வாசலுக்கோ சேரிக்கோ வந்தால், "பெயர் வாங்க வந்தவன், நாளைக்கு உத்தியோகம் கிடைத்தால் நம்மைத் திரும்பிப் பார்ப்பானா?" என்று சந்தேகிக்கிறார்கள். சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் இதற்கு வெறும் வாதத்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை. சரித்திரமே பதில் சொல்லியிருக்கிறது. இத்தாலி நாட்டின் டூரின் நகரத்துத் தொழிலாளர்களின் அனுபவத்தைப் பாருங்கள்.

அந்தோனியோ கிராம்சி 1891-ல் சார்டினியா என்ற ஏழைத் தீவில் பிறந்தவர். பதினோரு வயதிலேயே வறுமை அவரைப் பள்ளியிலிருந்து இழுத்து ஓர் ஆபீசில் தள்ளியது. தன்னைவிடக் கனமான பதிவேடுகளைத் தினம் பத்து மணி நேரம் சுமந்தார். பிறகு படிப்பைத் தொடர்ந்து, 1911-ல் உபகாரச் சம்பளம் பெற்று டூரின் சர்வகலாசாலைக்கு வந்தார். மாதம் 70 லீரா. குளிருக்கும் பசிக்கும் அது போதவில்லை. உடலும் நலிந்த உடல். ஆனால் அந்த நகரத்தில் பெரிய மோட்டார் தொழிற்சாலைகள் இருந்தன. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் இருந்தார்கள். 1913 வாக்கில் மாணவராக இருக்கும்போதே சோஷலிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார். 1915-ல் படிப்பை விட்டு, கட்சிப் பத்திரிகையான 'அவந்தி'யின் டூரின் பகுதிக்கு எழுதத் தொடங்கினார்.

1917 ஆகஸ்டில் ரொட்டி கிடைக்காமல் டூரின் மக்கள் தெருவுக்கு வந்தபோது, சர்க்கார் துப்பாக்கியால் பதில் சொன்னது. பலர் மாண்டார்கள், தலைவர்கள் சிறை சென்றார்கள். அந்த நேரத்தில்தான் உள்ளூர்க் கட்சி வாரப் பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பு கிராம்சியின் தோளில் விழுந்தது.

1919 மே 1-ம் தேதி, அவரும் அதே சர்வகலாசாலையில் படித்த தோழர்கள் தோக்லியாத்தி, தாஸ்கா, தெர்ராச்சினியும் சேர்ந்து 'லோர்டினே நுவோவோ' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார்கள். 'புதிய ஒழுங்கு' என்பது அதன் பொருள். முதல் சில இதழ்களில் கலை, இலக்கியம், பொதுக் கருத்துக்கள் என்று எல்லாம் இருந்தன. தொழிலாளியின் அன்றாடப் பிரச்னை மட்டும் இல்லை. பெயர் வாங்கத்தான் பத்திரிகை என்றால் அதுவே போதும். அவர்கள் அத்தோடு நிற்கவில்லை.

ஜூன் மாதத்தில் பத்திரிகை ஒரு கேள்வியை எழுப்பியது: தொழிற்சாலைக்குள் தொழிலாளியின் சொந்த அதிகாரம் எதிலிருந்து வளரும்? அங்கே ஏற்கனவே 'உள் கமிட்டிகள்' இருந்தன. சங்கத்தில் சேர்ந்தவர், சேராதவர் என்ற பேதமின்றி, ஒவ்வொரு பிரிவிலும் உழைக்கும் அனைவரும் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கட்டும் என்பதே அவர்கள் சொன்ன வழி. தொழிலாளர்கள் படித்தார்கள், விவாதிக்க இந்த இளைஞர்களைத் தங்கள் கூட்டங்களுக்கு அழைத்தார்கள். இளைஞர்கள் பேசினார்கள், பேசியதைவிட அதிகமாகக் கேட்டுக்கொண்டார்கள். கேட்டது அடுத்த இதழில் வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் டூரின் தொழிற்சாலைகளில் கவுன்சில்கள் முளைத்துப் பரவின.

முதலாளிகள் சும்மா இருப்பார்களா? 1920 மார்ச்சில் சர்க்கார் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. தொழிலாளி இருட்டில் எழுந்து ஓட வேண்டியதாயிற்று. ஒரு பியட் தொழிற்சாலையில் தொழிலாளர் கமிட்டி முள்ளைப் பழையபடி திருப்பி வைத்தது. கமிட்டி உறுப்பினர்களை நிர்வாகம் வேலைநீக்கம் செய்தது. தகராறு வளர்ந்தது, கதவடைப்பு வந்தது. கடிகாரம் ஒரு சாக்கு. கவுன்சில்களை ஒடுக்குவதே நோக்கம். ஏப்ரலில் டூரின் முழுவதும் பொது வேலைநிறுத்தம் பத்து நாளுக்குமேல் நடந்தது. ராணுவம் நகரத்தைச் சூழ்ந்தது. சோஷலிஸ்டுக் கட்சியின் தேசியத் தலைமையோ, தொழிற்சங்கத் தலைமையோ அந்தப் போராட்டத்தை நாடு முழுவதும் பரப்பவில்லை. டூரின் தனித்து நின்றது; தோற்றது.

இந்தத் தோல்வியை நாம் மறைக்க வேண்டியதில்லை. பாடம் அதில்தான் இருக்கிறது. நல்ல பத்திரிகை இருந்தது. நியாயமான கோரிக்கை இருந்தது. தீரமான தொழிலாளர்களும் இருந்தார்கள். ஓர் ஊரின் கோரிக்கையை நாட்டின் கோரிக்கையாக்கும் ஸ்தாபனம் மட்டும் இல்லை. அதனால்தான் கிராம்சி பேனாவோடு நிற்காமல், 1921 ஜனவரியில் லிவோர்னோவில் கம்யூனிஸ்டுக் கட்சியை அமைத்தவர்களில் ஒருவரானார். 1926 நவம்பர் 8-ல் முசோலினியின் போலீஸ் அவரைக் கைது செய்தது. 1928-ல் இருபது ஆண்டுக்கு மேற்பட்ட தண்டனை. 1937 ஏப்ரல் 27-ல், 46-வது வயதில், உடல் முற்றிலும் சிதைந்து இறந்தார். உத்தியோகம் தேடி ஓடியவரா இவர்?

நம் நாட்டில் 1989 முதல் 18 வயதானவருக்கு வோட்டுரிமை உண்டு. சர்க்காரையே தேர்ந்தெடுக்கத் தகுதியுள்ள மாணவன், தன் ஊர்க் கூலி உழைப்பாளியின் குறையை எழுதத் தகுதியற்றவனா?

ஆகவே தோழர்களே, நோட்டுப் புத்தகத்தோடு வருகிற மாணவனை விரட்டாதீர்கள். சம்பளச் சீட்டைக் காட்டுங்கள். பிடித்தம் எவ்வளவு, கூலி எந்தத் தேதியில் வந்தது, எத்தனை மணிக்கு வேலை முடிந்தது என்று கணக்காகச் சொல்லுங்கள். உங்கள் பெயர் வந்தால் வேலை போகுமென்றால், பெயரைப் போடாதே என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். எழுதியதை அச்சுக்குப் போகுமுன் உங்கள் நடுவே படித்துக் காட்டச் சொல்லுங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்துங்கள்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. கேள்விப்பட்டதை எழுதாதீர்கள், விசாரித்து எழுதுங்கள். 2005-ம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, காரணம் சொல்லாமலே சர்க்கார் ஆபீசில் கணக்குக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்த மனுவை எழுதத் தெரியாத தாய்மார் எத்தனை பேர்! அவர்களுக்கு எழுதிக் கொடுங்கள். எழுதிய பிறகும் ஊரைவிட்டுப் போய்விடாதீர்கள். கோரிக்கை கிடைக்கும் வரை சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள், மனுவோடு நடங்கள், கட்சியில் சேர்ந்து பணியாற்றுங்கள்.

அப்படி நிற்கிற மாணவனைச் சந்தேகிக்க நமக்குக் காரணமில்லை. அவன் நம்மில் ஒருவன்.