தோற்ற மீன் எங்கே ஓடும்?

பாடசாலை லீவுக்கு ஸ்பிரிங்வெளியிலுள்ள தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பதுளையில் பஸ் ஏறி, தேயிலை மலைகளைக் கடந்து போய் இறங்கினால், தங்கையின் மகன் ஓடிவந்து பையை வாங்குவது வழக்கம். இம்முறை அவனைக் காணவில்லை. முன்னறையில் மீன் தொட்டிக்கு முன்னால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“பெரியும்மா, இவன் சரியான ரவுடி. மத்த மீனையெல்லாம் சாகடிக்கப் போறான்” என்றான்.

இரண்டடி நீளத் தொட்டி. அதில் நான்கு ஏஞ்சல் மீன்கள். வாங்கும்போது சில்லறைக் காசளவு இருந்தவை, இப்போது உள்ளங்கை அளவுக்கு வளர்ந்திருந்தன. பெரியது ஒன்று தொட்டியின் நடுவில் நின்றது. இரண்டு மீன்கள் பில்டருக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தன. அவற்றில் ஒன்றின் செட்டை நார்நாராகக் கிழிந்திருந்தது.

“ராத்தா, அந்தச் சண்டியன ஆத்துல விட்டுட்டு வரச் சொன்னா கேக்குறானில்ல” என்றாள் தங்கை.

சகோதரிகளே, பிள்ளைகளின் ஆசைக்காக மீன் வளர்க்கும் வீடுகளில் இது அடிக்கடி நடப்பதுதான். மீனைக் குற்றஞ்சாட்டுவதற்கு முன் அது ஏன் துரத்துகிறது என்று பார்க்க வேண்டும்.

நிக்கோ டின்பெர்கன் என்ற நெதர்லாந்து நாட்டு விஞ்ஞானி, முதுகில் முள்ளுள்ள ஒரு சிறு மீனை வைத்து இதை ஆராய்ந்தார். ஒரே தொட்டியின் இரு முனைகளில் இரண்டு ஆண் மீன்கள் கூடு கட்டியிருந்தன. இரண்டையும் தனித்தனிக் கண்ணாடிக் குழாயில் இட்டு, ஒரு முனைக்குக் கொண்டுபோனார். அந்த இடத்துக்குரிய மீன் பாயப் பார்த்தது. மற்றது தப்பியோடப் பார்த்தது. அடுத்த முனைக்குக் கொண்டுபோனதும் நிலைமை தலைகீழானது. ஓடப் பார்த்தது பாய்ந்தது, பாய்ந்தது பதுங்கியது. விலங்குகளின் நடத்தை பற்றிய ஆய்வுகளுக்காக 1973 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, மீனுக்கு வீரம் தருவது அதன் இடம். நமது நாட்டு ஓடைகளுக்கே உரிய தல்கொஸ்ஸா மீனும் தன் இனத்தோடு இப்படித்தான் சண்டை பிடிக்கும். ஓடையில் தோற்ற மீன் நாலு கல் தள்ளிப் போய்ப் பிழைத்துக்கொள்ளும். தொட்டியில் எந்தப் பக்கம் ஓடினாலும் கண்ணாடிதான்.

அன்று மாலையே வேலையைத் தொடங்கினோம். பெரிய மீனைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு வாளியில் விட்டு, துள்ளி விழாதபடி மூடினோம். கற்களையும் செடிகளையும் இடம் மாற்றினோம். உயரமான செடிகளை நடுவில் வைத்து, ஒரு மூலையிலிருந்து பார்த்தால் மறுமூலை தெரியாதபடி செய்தோம். சவர்க்காரம் படாமல் கழுவிய உடைந்த மண்சட்டி இரண்டை மறைவிடமாக வைத்தோம். விளக்கை அணைத்த பிறகு பெரியதைத் திரும்ப விட்டோம். தன் பழைய எல்லை எங்கே என்று அதற்கே தெரியவில்லை. மறுநாளிலிருந்து தீனியை இரண்டு பக்கத்திலும் போட்டோம்.

மூன்று நாள் அமைதி. நான்காம் நாள் மீண்டும் துரத்தல். இம்முறை இரண்டு மீன்கள் சேர்ந்து மற்ற இரண்டையும் விரட்டின. மண்சட்டியின் பக்கத்தில் வரிசையாகச் சிறு முட்டைகள்! நாங்கள் ரவுடி என்று திட்டியது, குடும்பம் நடத்த இடம் தேடிய ஒரு பெற்றோரை.

சோடி சேர்ந்துவிட்டால் இரண்டடித் தொட்டியில் எந்த ஒழுங்கும் நிற்காது. பிரிப்பதே வழி. துளையிட்ட பிளாஸ்டிக் தட்டியால் தொட்டியைக் குறுக்கே மறித்தோம். பின்னர் பலவீனமான இரண்டையும் பதுளையில் நான்கடித் தொட்டி வைத்திருக்கும் உறவினர் வீட்டுக்குக் கொடுத்தோம். சுத்தமான தண்ணீரில் கிழிந்த செட்டை மெல்ல மெல்ல வளர்ந்துவிட்டது. முதல் முட்டைகளைத் தாய் தகப்பனே தின்றுவிட்டன. புதுச் சோடிகள் அப்படிச் செய்வதுண்டு. பிள்ளைகள் அழுதால் சொல்லிக்கொடுங்கள்.

மலையகத்தில் தண்ணீரைப் பற்றியும் கவனம் தேவை. ஏஞ்சலுக்கு 25 முதல் 28 பாகை வரை சூடு வேண்டும். ஹீட்டர் இருந்தால், கையை விடுமுன் மின்சாரத்தை நிறுத்துங்கள். கிழமைக்கு ஒரு தடவை காற்பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். பீலித் தண்ணீரை அப்படியே ஊற்றாமல், ஓர் இரவு வீட்டுக்குள் வைத்துக் குளிர் தணிந்த பின் ஊற்றுங்கள். மேலே மலையில் மருந்தடித்த நாட்களில் அந்தத் தண்ணீர் வேண்டாம்.

பைட்டர் மீன் வாங்கினால் ஆண் ஒன்றுக்கு மேல் ஒரே தொட்டியில் விடாதீர்கள். கண்ணாடியில் தன் உருவத்தைக் கண்டாலே அது செட்டையை விரித்துக்கொண்டு சண்டைக்கு நிற்கும். வேடிக்கைக்காக இரண்டை மோதவிடுவது பாவம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லுங்கள்.

வேண்டாத மீனை ஆற்றில் விடவும் கூடாது. பதுளு ஓயா மகாவலியில் சேர்கிறது. அலங்கார மீனாக வந்த கத்தி மீனும், தொட்டி துப்புரவாக்க வாங்கிய உறிஞ்சி மீனும் இன்று இலங்கை நீர்நிலைகளில் பெருகி நம் நாட்டு மீன்களுக்குத் தொல்லையாகிவிட்டன. வளர்க்க முடியாவிட்டால் வளர்ப்பவரிடம் கொடுங்கள், அல்லது கடையில் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

பூனையை அடைத்து வைத்து, தீனியும் போடாமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நாம் எல்லோரும் அறிந்ததே. அடைத்து வைப்பவருக்கு உரிய பொறுப்பை அது சொல்கிறது. தீனி போட்டால் மட்டும் அந்தப் பொறுப்பு முடிந்துவிடாது. பயந்த மீனுக்கு ஒதுங்க ஓர் இடமும் கொடுக்க வேண்டும். அடுத்த தடவை தொட்டியில் ஒரு மீன் மூலையில் ஒடுங்கி நின்றால், “இது ஓடுவதற்கு எங்கே இடம் வைத்திருக்கிறோம்?” என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.